கிதாருக்கு அருகில் ஒரு டிரம்பெட்

கிதார் இசைப்பவர் ஒருவர் நம் மருத்துவமனைக்கு வந்து ஒரு மணி நேரம் வாசிக்க விரும்புகிறார் என்ற செய்தி வந்தபோது எவரும் மறுப்புச் சொல்லவில்லை. அவருடன் டிரம்பெட் கலைஞர் ஒருவரும் வருவார் என்ற இரண்டாவது செய்தி வந்த பிறகுதான் விவாதம் தொடங்கியது. நோயாளர் நலக் குழுவில் இத்தனை நீண்ட விவாதம் அண்மையில் நிகழ்ந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

முதல் தடை செவிலியர் கண்காணிப்பாளரிடமிருந்து வந்தது. நோயாளிகள் படுத்திருக்கும் அறைகளில் இரவு நேரச் சராசரி ஒலியளவு 30 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இருவர் இயல்பாகப் பேசிக்கொள்வதே ஏறக்குறைய 60 டெசிபல் ஆகிவிடும். மிக அருகில் முழு விசையுடன் ஊதப்படும் டிரம்பெட்டோ 100 டெசிபலையும் கடக்க வல்லது. தள்ளுவண்டியின் சக்கரங்களுக்கு எண்ணெய் இடுவதற்கே ஓராண்டாகப் போராடிவரும் அவர், இதை எப்படி ஏற்பார்?

இரண்டாவது தடையைக் கூறியவர் வார்டு உதவியாளர்களுள் மூத்தவர். நம்மில் பலர் டிரம்பெட்டைக் கேட்டிருப்பது பேண்டு வாத்தியக் குழுவில்தான். அக்குழு திருமண ஊர்வலத்திலும் செல்கிறது. இறுதி ஊர்வலத்திலும் செல்கிறது. “படுக்கையில் இருப்பவருக்கு எது முதலில் நினைவுக்கு வரும், ஐயா?” என்று அவர் கேட்டார். யாராலும் விடை கூற இயலவில்லை.

டிரம்பெட்டுக்கு ஆதரவு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய செவிலியம் பற்றிய நூலில், நோயாளியைச் சுற்றி எழும் தேவையற்ற ஓசைகளைக் கடுமையாகக் கண்டிக்கும் அத்தியாயம் ஒன்று உண்டு. அதே அத்தியாயத்தில் இசையைப் பற்றியும் ஒரு சிறு குறிப்பை அவர் சேர்த்திருக்கிறார். மனிதக் குரல் உள்ளிட்ட காற்றிசையும், அறுபடாமல் நீளும் ஒலியைத் தரவல்ல தந்தி இசையும் நோயாளிகளுக்குப் பெரும்பாலும் நன்மை செய்கின்றன என்பது அவர் கருத்து. பியானோ போன்று தொடர்ச்சியற்ற ஒலி எழுப்பும் கருவிகள் அதற்கு நேர்மாறான விளைவைத் தருகின்றன என்றும் அவர் எழுதினார். எங்கள் குழுவைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் இப்பகுதியை வாசித்துக் காட்டியபோது அறையில் சிரிப்பெழுந்தது. அவ்வம்மையாரின் கணக்குப்படி டிரம்பெட் உள்ளே வரலாம். தட்டியவுடன் ஒலி தேயத் தொடங்கும் கிதாரைத்தான் வாயிலில் நிறுத்த வேண்டும்! கிதாரைப் பொறுத்தவரை நாங்கள் அவருடன் உடன்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறோம்.

இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. ஞாயிறு மாலை, தரைத்தளப் புறநோயாளிகள் கூடம், வார்டுகளுக்குச் செல்லும் கதவுகள் மூடப்பட்டிருக்க வேண்டும், எவரும் எப்போது வேண்டுமானாலும் எழுந்து செல்லலாம் என்பன நிபந்தனைகள்.

மேலை நாட்டுச் செவ்வியல் இசையில் ‘சேம்பர் இசை’ என்பது அறைக்குரிய இசை. பெரிய வாத்தியக் குழு இல்லை. கோல் அசைத்து நடத்துபவர் இல்லை. இருவர், மூவர், நால்வர் என ஒரு சிலர் அமர்ந்து, ஒருவரையொருவர் பார்த்தும் கேட்டும் வாசிப்பர். வயலினும் பியானோவும், புல்லாங்குழலும் கிதாரும் இவ்வாறு இணைவது வழக்கம். டிரம்பெட்டும் கிதாரும் இணைவது அரிது. ஒன்று போர்க்களத்திலும் அரண்மனை முற்றத்திலும் வளர்ந்தது. மற்றொன்று மடியில் வைத்து வாசிக்கப்படுவது. பத்து அடி தொலைவில் யாரேனும் இருமினால் அதன் ஒரு சுரம் காணாமற்போய்விடும். இவ்விரண்டுக்குமென்றே எழுதப்பட்ட படைப்புகள் மிகக் குறைவு. ஆகவே பிற கருவிகளுக்கும் குரலுக்கும் எழுதப்பட்டவற்றை இவர்கள் கடனாகப் பெறுகின்றனர்.

முதல் நாள் மாலை நடந்த ஒத்திகையைக் காணும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. ஒலிபெருக்கி தருவதாகக் கூறினோம். கிதார் கலைஞரான அம்மையார் மறுத்துவிட்டார். ஒலிபெருக்கி வைத்தால் கிதாரின் ஒலி உயர்ந்துவிடும், அதன்பின் டிரம்பெட் தம்மைக் கவனித்துக் கேட்க வேண்டிய தேவை இராது என்பது அவர் கூறிய காரணம். அவருடைய நாற்காலி முன்னே இடப்பட்டது. டிரம்பெட் கலைஞர் நான்கு அடி பின்னால், சற்றே ஒதுங்கி நின்றார். கருவியின் அகன்ற வாய் மக்களை நோக்கியிராமல் பக்கவாட்டுத் திரைச்சீலையை நோக்கித் திரும்பியிருந்தது. டிரம்பெட்டின் கூர்மையான ஒலிகள் அதன் வாய் காட்டும் திசையிலேயே மிகுதியாகச் செல்லும். திசையை மாற்றினால் அந்தக் கூர்மை பெருமளவு மழுங்கிவிடும். அத்துடன் ‘மியூட்’ எனப்படும் மூடிகள் மூன்றை அவர் பையிலிருந்து எடுத்து வைத்தார். கருவியின் வாய்க்குள் செருகப்படும் இம்மூடிகள் ஒலியைக் குறைப்பதோடு நிறத்தையும் மாற்றுகின்றன. ஒன்று மூக்கால் பாடுவது போலவும், ஒன்று பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது போலவும் ஒலித்தது.

உரக்க ஊதுவது எளிது, மெல்ல ஊதுவதுதான் கடினம் என்று அவர் கூறியபோது நாங்கள் முதலில் நம்பவில்லை. பிறகு விளக்கினார். டிரம்பெட்டில் ஒலியை எழுப்புவது ஊதுபவரின் உதடுகள். காற்று அவற்றினூடே செல்லும்போது அவை அதிர்கின்றன. காற்று குறைந்தால் ஒலி குறையும், ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால் உதடுகள் அதிர்வதையே நிறுத்திவிடும், சுரம் உடைந்துபோகும். அந்த எல்லைக்கு ஒரு நூலிழை மேலே, உடையாமலும் உயராமலும் நான்கு நிமிடம் நிற்க வேண்டும். கிதாருடன் வாசிக்கும் மாலைகளில் தம் வயிற்றுத் தசைகள் வலிப்பது போல், பெரிய வாத்தியக் குழுவில் வாசிக்கும் நாள்களில் வலிப்பதில்லை என்றார்.

கிதாரின் தந்திகளைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நம் மருத்துவமனைக்கு அதில் ஓர் உறவு இருக்கிறது. செவ்வியல் கிதாரின் ஆறு தந்திகளுள் மெல்லிய மூன்றும் முற்காலத்தில் விலங்குகளின் குடலிலிருந்து திரிக்கப்பட்டவை. அறுவைச் சிகிச்சையில் தையலுக்குப் பயன்பட்ட ‘கேட்கட்’ நூலும் அவ்வாறு திரிக்கப்பட்டதே. இரண்டாம் உலகப் போரின்போது காயமுற்ற வீரர்களுக்குத் தையல் நூல் பெருமளவில் தேவைப்பட்டதால் இசைக்கருவிகளுக்குக் குடல் நரம்பு கிடைப்பது அரிதாயிற்று. அந்நெருக்கடியில்தான் நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிதார்த் தச்சர் நைலான் இழையைத் தந்தியாக்கினார். புகழ்பெற்ற கிதார் மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்றுக்கொண்டதும் உலகமெங்கும் நைலானே நிலைபெற்றது. இன்று தையல் நூலாகவும் நைலான் பயன்படுகிறது. எங்கள் அறுவை அரங்குச் செவிலியர் ஒருவர் அத்தந்தியை விரலால் தொட்டுப் பார்த்து, “இது எங்கள் நூலைவிடத் தடிமன்” என்று தீர்ப்பளித்தார்.

ஞாயிறு மாலை எழுபது பேர் அளவில் கூடினர். சக்கர நாற்காலிகளில் வந்தோர், கையில் உப்புநீர்க் குழாயுடன் வந்தோர், அவர்களைவிடக் களைத்துத் தெரிந்த உடனிருப்போர். முதலில் ஜான் டௌலண்டின் இரு பாடல்கள். 1597இல் இங்கிலாந்தில் அச்சான அவருடைய முதற்பாடல் தொகுதி, குரலுக்கும் லூட் என்னும் தந்திக் கருவிக்கும் எழுதப்பட்டது. லூட்டின் இடத்தில் கிதாரும் குரலின் இடத்தில் டிரம்பெட்டும் அமர்ந்தன. அடுத்து ஸ்பெயின் நாட்டு மனுவேல் தே ஃபாயா 1914இல் அமைத்த ஏழு நாட்டுப்புறப் பாடல்களுள் சில. அவற்றில் ‘நானா’ என்பது தாலாட்டு. மூடியிட்ட டிரம்பெட்டில் தாலாட்டு கேட்கக் கூடும் என்று நாங்கள் எண்ணியதில்லை. குழந்தைகள் வார்டிலிருந்து வந்திருந்த சிறுமி ஒருத்தி தாயின் தோளில் தலை சாய்த்தாள்.

அதற்கடுத்த பாடலில்தான் பிழை நேர்ந்தது. அது துள்ளலான நடனப் பாட்டு. டிரம்பெட் கலைஞர் மூடியை அகற்றிவிட்டு முதல் வரியை வாசித்தவுடன், முன் வரிசையின் ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். சில நாள்களுக்கு முன்புதான் அவருக்குத் தலையில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. மகள் அவசரமாக நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியேறினார். சக்கர நாற்காலிகளை முன் வரிசையில் வைப்பது மரியாதை என்று கருதி, டிரம்பெட்டின் வாய்க்கு நேராக அவற்றை நிறுத்தியவர்கள் நாங்களே. ஒத்திகையில் திசையைப் பற்றி அவ்வளவு கேட்டறிந்த பின்னும் அது எங்கள் எண்ணத்தில் படவில்லை. அந்தப் பெரியவரிடமும் அவர் மகளிடமும் நேரில் வருத்தம் தெரிவித்தோம், இங்கும் தெரிவிக்கிறோம்.

கலைஞர்கள் இருவரும் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் டிரம்பெட் சட்டெனத் தாழ்ந்தது; அவர் உடலையே திருப்பிச் சுவரைப் பார்த்து நின்று அப்பாடலை முடித்தார். எஞ்சிய நிகழ்ச்சி முழுவதும் மூடியைக் கழற்றவில்லை.

அதன்பின் வந்த படைப்புக்கு அம்மூடி பொருத்தமாகவே அமைந்தது. பிரேசில் நாட்டு வில்லா-லோபோஸ் 1938இல் ஒரு பெண்குரலுக்கும் எட்டு செல்லோக்களுக்கும் எழுதிய ‘ஆரியா’ அது. பிறகு குரலுக்கும் ஒரே ஒரு கிதாருக்கும் அவரே அதை மாற்றியமைத்தார். பாடகி தொடக்கத்தில் சொற்களின்றி ‘ஆ’ என்றே பாடுவார். இடையில் சில வரிகள் வரும். இறுதியில் அதே மெட்டு திரும்பும்போது உதடுகளை மூடியபடி முனக வேண்டும் என்பது ஆசிரியரின் குறிப்பு. வாய் மூடிய குரலுக்கு வாய் மூடிய டிரம்பெட். இம்மாலையின் மிக அழகிய பகுதி இதுவே என்பது எங்கள் எண்ணம். மெட்டு மேலேறி மெலிந்து முடியும் கடைசிச் சுரத்தின்போது கூடத்தில் இருந்த மின்விசிறியின் ஓசையைத் தனியே கேட்க முடிந்தது.

இடைவேளையில் கலைஞர்களிடம் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தோம். டிரம்பெட்டின் அடிப்பகுதியிலிருந்து சிறு திறப்பின் வழியே நீர் சொட்டுவதைக் கண்ட சிறுவன், “எச்சிலா?” என்று கேட்டான். பெரும்பகுதி மூச்சுக்காற்றின் ஈரம். குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராகிறது என்று விளக்கம் கிடைத்தது. இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறாம் நாளில் இருந்த ஒருவர், இவ்வளவு நீண்ட மூச்சுக்கு என்ன பயிற்சி என்று வினவினார். டிரம்பெட் கலைஞர் தம் இரு கைகளையும் விலா எலும்பின் கீழ்ப்பகுதியில் வைத்துக் காட்டினார். ஊதுவதைவிட உள்ளிழுப்பதே முதன்மையானது. தோள்கள் உயரக் கூடாது, விலாவின் கீழ்ப்புறம் பக்கவாட்டில் விரிய வேண்டும், அவசரமின்றி இழுக்க வேண்டும் என்றார். அருகில் நின்ற எங்கள் இயன்முறை மருத்துவர் சிரித்துவிட்டார். “மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்து ஐந்து நாள்களாக நான் சொல்வதும் இதையேதான். டிரம்பெட் இல்லாததால் எவரும் கேட்கவில்லை” என்றார்.

இதையொட்டி ஓர் எச்சரிக்கை. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மருத்துவர் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியே போதுமானது. காற்றுக் கருவிகளை ஊதிப் பார்ப்பது அதற்கு மாற்றாகாது. அழுத்தி ஊதும்போது வயிற்றினுள்ளும் கண்ணினுள்ளும் அழுத்தம் உயர்கிறது. குடலிறக்கமோ கண்நீர் அழுத்த நோயோ உடையவர்கள், நாதஸ்வரம், கிளாரினெட், டிரம்பெட் எதுவாயினும் வாசிக்கும் பழக்கம் இருந்தால் அதைத் தம் மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும்.

இறுதிப் படைப்பு ஹோவாக்கின் ரோட்ரிகோவின் ‘அரான்ஹுவேஸ் கான்செர்ட்டோ’வின் நடுப்பகுதி. கிதாருக்கும் வாத்தியக் குழுவுக்குமாக எழுதப்பட்டது. மெதுவாக, வருடுவது போல் கிதார் சில சுரக்கோவைகளை மீட்ட, அவற்றின் மேல் காற்றுக் கருவி ஒன்று மெட்டைத் தொடங்கும். பிறகு அதே மெட்டைக் கிதார் ஏற்று, தன் நடுங்கும் அணிகளோடு திருப்பிச் சொல்லும். மூலத்தில் அக்காற்றுக் கருவி ஆங்கிலக் கொம்பு எனப்படும் மரக்குழல். டிரம்பெட்டுக்கும் இம்மெட்டு புதியதன்று. அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1960இல் வெளியிட்ட இசைத்தட்டின் வழியே அது உலகெங்கும் அறியப்பட்டது.

ரோட்ரிகோ 1901இல் ஸ்பெயினின் சகுன்டோ நகரில் பிறந்தவர். மூன்றாம் வயதில் தொண்டை அடைப்பான் நோயால் பார்வையை இழந்தார். (நம் நாட்டில் அந்நோய்க்கான தடுப்பூசி குழந்தையின் 6, 10, 14ஆம் வாரங்களில் இலவசமாக இடப்படுகிறது, பின்னர் வரும் ஊக்கத் தவணைகளையும் விட்டுவிடலாகாது.) அவர் தம் இசையைப் பிரெயில் முறையில் எழுதி, பின்பு மற்றொருவர் படியெடுக்க ஒவ்வொரு சுரமாகச் சொல்லிவருவார். இப்படைப்பை 1939இல் பாரிஸில் எழுதினார். 1940 நவம்பர் 9 அன்று பார்சிலோனாவில் அது அரங்கேறியது.

அதன் நடுப்பகுதியில் ஒலிக்கும் துயரம் எங்கிருந்து வந்தது என்று கணவனும் மனைவியும் நெடுங்காலம் எவரிடமும் கூறவில்லை. போரில் குண்டுவீச்சுக்கு இரையான கெர்னிக்கா நகரத்துக்கான இரங்கல் என்று மக்கள் தாமாகவே ஒரு விளக்கம் கற்பித்துக்கொண்டனர். பின்னாளில் மனைவி விக்டோரியா தம் வாழ்க்கை வரலாற்றில் உண்மையை எழுதினார். தங்கள் திருமணத் தொடக்க நாள்களின் மகிழ்ச்சியும், முதற்கரு கலைந்தபோது ரோட்ரிகோ அடைந்த பெருந்துயரும் ஒன்றாகக் கலந்த இசை அது. அவர்களுக்கு 1941இல் செசிலியா என்ற மகள் பிறந்தாள்.

இச்செய்தியைக் கூட்டத்தில் சொல்லலாமா என்று கிதார் கலைஞர் எங்களிடம் முன்னரே கேட்டிருந்தார். தாய்மைப் பிரிவும் உள்ள மருத்துவமனை நம்முடையது. மகப்பேறு மருத்துவரைக் கலந்துகொண்டே, சுருக்கமாகச் சொல்லலாம் என்றோம். அவர் மூன்றே வாக்கியங்களில் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அன்று கூடத்தில் இருந்தவர்களுள் யார் எந்தத் தளத்திலிருந்து வந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தலையில் சிகிச்சை பெற்ற பெரியவரும் திரும்பி வந்திருந்தார் என்பதை மட்டும் கூறுகிறோம். தூணின் மறைவில், கடைசி வரிசைக்கும் பின்னால், அவருடைய மகள் நாற்காலியை நிறுத்தியிருந்தார். மகள் நின்றுகொண்டே கேட்டார். நாங்கள் இருக்கை காட்டியும் அமரவில்லை.

நிகழ்ச்சி அத்துடன் முடிய வேண்டும். ஆனால் ஐந்தாம் தளத்துப் புற்றுநோய்ப் பிரிவில் இருப்பவர்கள் கீழே வர இயலாது. அவர்களுள் இருவர் கேட்டனுப்பியிருந்தார்கள். நோய்த்தொற்றுத் தடுப்புச் செவிலியர் கருவிகளைப் பார்வையிட்டார். கிதாரைத் துடைத்து எடுத்துச் செல்லலாம், அம்மையார் கைகளைக் கழுவி முகக்கவசம் அணிய வேண்டும் என்றார். ஈரம் சொட்டும் டிரம்பெட்டுக்கு அனுமதி இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அதில் வாதிட இடமில்லை.

ஆகவே கிதார் வார்டுக்குள் சென்றது. டிரம்பெட் கலைஞர் வார்டின் மூடிய கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தின் மறுகோடியில் மாடிப்படி அருகே நின்றார். அங்கே மூடி தேவைப்படவில்லை. வேறொரு சிக்கல் இருந்தது. அவர் ஊதுவது உள்ளே கேட்கும். கிதார் மீட்டுவது அவருக்குக் கேட்காது. அன்று மாலை முழுவதும் கிதாரைக் கேட்டுக்கேட்டுத் தம் ஒலியை அளந்தவர், இப்போது அதைக் கேளாமலே வாசிக்க வேண்டியிருந்தது. பணியிலிருந்த செவிலியர் கண்ணாடியருகே நின்று, அம்மையார் முதற்சுரத்தைத் தொடும் கணத்தில் கையை உயர்த்திக் காட்டினார். ‘நானா’ தாலாட்டு தொடங்கியது. ஓரிடத்தில் டிரம்பெட் அரை அடி முந்திச் சென்றது. கிதார் விரைந்து அதைப் பிடித்துக்கொண்டது. இசையறிந்தவர்கள் குறை சொல்லலாம்.

கதவை அடுத்த படுக்கையில் இருந்த அம்மா, பாட்டு முடிந்ததும் முதலில் கேட்டது வெளியே இருப்பவரைப் பற்றித்தான். “அவர் இவ்வளவு நேரம் நின்றுகொண்டா ஊதுகிறார்? ஒரு நாற்காலி போடக் கூடாதா?” என்றார். நாற்காலி கொண்டுபோய் வைத்தோம். இன்னொரு முறை வாசிக்கச் சொல்கிறார்கள் என்ற செய்தியும் உடன் சென்றது. அவர் நாற்காலியின் மேல் தம் மூன்று மூடிகளையும் வரிசையாக வைத்துவிட்டு, செவிலியரின் கையைப் பார்த்தபடி நின்றார்.